லினக்ஸ் காட்டும் சூடு சரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளம் போட்ட கணினியில், சூட்டைக் காட்டும் 'சென்சர்ஸ்' கட்டளை 60 பாகைக்கு மேல் காட்டினால் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள் என்று உங்கள் ஞாயிறு இதழின் கணினிப் பகுதியில் வந்திருந்தது. நுவரெலியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் எனக்கு அது வியாபாரம்தான். ஆனாலும் அந்த வரி சரியில்லை. கணினியின் மூளையான பிராசஸருக்கு, வேலை செய்யும்போது 60 சாதாரணம். அதுவும் போக, திரையில் வரும் எண்ணே சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்டெல் பிராசஸர் தன் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை மிச்சம் என்றுதான் சொல்லும். வரம்பிலிருந்து அதைக் கழித்துக் காட்டுவது 'கோர்டெம்ப்' டிரைவர், அதாவது சென்சரை வாசிக்கும் லினக்ஸ் மென்பொருள். பழைய பிராசஸர் சிலவற்றில் வரம்பு 85ஆ 100ஆ என்பதை அது ஊகிக்க வேண்டிவரும். பிசகினால் 15 பாகை வித்தியாசம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசஸர்கள் வேண்டுமென்றே 20 பாகை கூட்டிச் சொல்பவை. மதர்போர்டில் எதுவும் பொருத்தாத சென்சர் முனைக்கும் ஏதாவதொரு எண் வரும். 127 பாகை என்று அலறியடித்து வந்தவர்கள் உண்டு.

இதைச் சோதிக்க எங்கள் ஊர்க் குளிர் நல்ல வசதி. துகள் உறைபனி விழும் தை மாதக் காலையொன்றில், இரவு முழுக்க அணைந்திருந்த பழைய இன்டெல் கோர் 2 டுவோ பிராசஸர் உள்ள ஒரு கணினியைப் போட்டேன். சுவரிலுள்ள வெப்பமானியில் 12, திரையில் 5. அறையைவிடக் குளிர்ந்த பிராசஸர் எங்கே இருக்கிறது? டிரைவர் எடுத்துக்கொண்ட வரம்பு 100 என்று சரியாகவே இருந்தது. அப்புறம் வேலை கொடுத்துச் சூடேற்றினேன். எண் ஒழுங்காக ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது. இந்தச் சென்சர்கள் வரம்பை நெருங்கும்போதுதான் துல்லியம், கீழே போகப் போகப் பிழை கூடும். அந்த 5ஐ விட்டுவிடலாம். 90 வந்தால் பயப்படத்தான் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களிலிருந்து, ஃபேன் தூசியில் அடைபட்டு வரும் கணினிகளில் அதைப் பார்க்கிறேன். லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில் 'சென்சர்ஸ்டி' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நாம் குறித்த அளவைத் தாண்டினால் அதுவே ஒரு கட்டளையை ஓட்டும். எண் பிழையென்றால் அதனாலும் பயனில்லை.

டிரைவர் எழுதுபவர்களிடம் எல்லா மதர்போர்டும் இருக்காது. தோட்டப் பாடசாலைகளுக்கு அன்பளிப்பாக வந்த பழைய கணினிகள் நம்மிடம் இருக்கின்றன. உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) படிக்கும் பிள்ளைகளே சோதித்து அவர்களுக்கு எழுதி அனுப்பலாம்: மதர்போர்டின் பெயர், சென்சர்ஸ் காட்டியது முழுதும், பயோஸ் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) காட்டும் எண், அறை வெப்பநிலை. கடைசியதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

அந்த 60 பாகை வரியைத் திருத்தும்போது இந்த விபரத்தையும் சேர்த்துப் போடுவீர்களா?

இப்படிக்கு,
கணினி திருத்துநர்,
நுவரெலியா.