கிரைண்டர் உற்பத்தியாளர் சங்கம், கோயம்புத்தூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பட்டறையைப் பாதி நாள் மூடிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

கிரைண்டருக்கான ஜி.எஸ்.டி.யைக் குறைக்கக் கோரி இந்த ஆண்டும் மனு கொடுத்தோம். 2017 நவம்பரில் 28 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், 2019-இல் 5 ஆகவும் இறங்கிய வரி, 2022 ஜூலையில் 18 சதவீதத்துக்கு ஏறியது. குறைந்தால் நல்லதுதான். ஆனால் 5 சதவீதம் இருந்த காலத்தில் நம்மில் எத்தனை பேர் உருப்படியாக ஒரு புது மாடல் கொண்டுவந்தோம் என்று கேட்டால், இந்த அரங்கில் பலர் கூரையைப் பார்ப்பார்கள்.

1955-இல் இதே ஊரில் பி. சபாபதி கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரில் குழவி நிற்க, கல் சுழன்றது. மாவாட்டும் கையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நாம் செய்தவற்றில் பெரும்பகுதி நிறம், ஸ்டிக்கர், பத்து ரூபாய் விலைக் குறைப்பு. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் இந்தப் பழக்கத்தை வளர்த்தது என்பது என் கருத்து, மறுப்பவர்கள் பேசலாம். பணம் கொடுப்பவர் ஒருவர், மாவரைப்பவர் வேறொருவர் என்றால், டெண்டர் விவரக்குறிப்பைத் தாண்டி யார் யோசிப்பார்கள்?

அதனால் இந்த ஆண்டு டீலர்களை விட்டுவிட்டு சர்வீஸ் மெக்கானிக்குகளை அழைத்துப் பேசினோம். டீலரிடம் வருவது வாங்கும்போது கேட்கும் கேள்வி. மெக்கானிக்கிடம் வருவது பயன்படுத்திய பின் வரும் ஆத்திரம். அவர்கள் சொன்னதில் மோட்டார் பழுது குறைவு. கல்லோடு சேர்த்துப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை, நடுத்தண்டைச் சுற்றி மாவு ஒட்டிக்கொள்கிறது, அடுக்குமாடி வீட்டில் விடியற்காலையில் ஓட்டினால் கீழ்வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள், மூன்று வருடம் கழித்து பெல்ட்டும், மாவை வழித்துவிடும் ஸ்கிரேப்பரும் கிடைப்பதில்லை. கடைசிக் குறைக்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. இரண்டு லிட்டர் டேபிள் டாப் மாடல்களுக்காவது பெல்ட், ஸ்கிரேப்பர் அளவுகளை எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று குழு பரிந்துரைக்கிறது. ‘ஸ்பேர் விற்பனை போய்விடுமே’ என்று சிலர் வாதாடினார்கள். ஸ்பேர் கிடைக்காத வீட்டுக்காரர் அடுத்த முறை நம் கிரைண்டரை வாங்குவதில்லை, பாக்கெட் மாவு வாங்குகிறார்.

சாக்லேட் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கொக்கோ கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள், பெரிய ஆலை இயந்திரம் வாங்க வசதியில்லாமல், நம் டேபிள் டாப் கிரைண்டரில் கொக்கோவை அரைத்தார்கள். இந்தச் சந்தையை நாம் தேடிப் போகவில்லை; அதுவாக வந்தது. இட்லி மாவு அரை மணி நேர வேலை, கூடவே தண்ணீரும் இருக்கிறது. சாக்லேட்டில் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. நாக்கில் நெருடாமல் சுமார் 20 மைக்ரானுக்கு இறங்கும்வரை, ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கல் ஓய்வின்றி ஓட வேண்டும். வீட்டு மோட்டார் அதற்குத் தாங்காது. போதாக்குறைக்கு அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 50 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட வேகம் அங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், புல்லி அளவை மாற்றியாக வேண்டும். இவற்றைக் காதுகொடுத்துக் கேட்டு, தொடர்ந்து ஓடும் மோட்டாரும் கல்லின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் வைத்துத் தனி இயந்திரம் செய்தவர்களுக்குப் புதுத் தொழிலே கிடைத்தது. பழைய கிரைண்டருக்குப் பழுப்பு நிறம் பூசி அனுப்பியவர்களுக்குச் சரக்கு திரும்பி வந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக இருக்கிறது. மாதிரி இயந்திரத்தைச் சோதிக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. விரும்பும் உறுப்பினர்கள் பெயர் கொடுங்கள், குழுவாக ஏற்பாடு செய்யலாம்.

திருப்பூர் பக்கத்து ஊத்துக்குளிக் கல்லோடு சேர்ந்து வளர்ந்த கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு, ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரை அட்டைப்பெட்டியில் அச்சிடும் உறுப்பினர்கள், கல்லின் தரத்தையும் அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுமாறு குழு கேட்டுக்கொள்கிறது. புகார் வந்தால் சங்கம் பரிந்து பேசாது.

பெல்ட் அளவு குறித்த தீர்மானம் உணவு இடைவேளைக்கு முன் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்கு முன் இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்