காதல் கதை எழுதுறவங்க கூடினா என்ன பேசுவாங்க?

ஆசிரியருக்கு வணக்கம். காதல் நாவல் எழுதுறவங்க ஒண்ணா சேர்ந்தா ரொமான்ஸா பேசிட்டு இருப்பாங்கன்னு நினைக்கிறவங்களுக்காக இந்த லெட்டர். போன ஞாயித்துக்கிழமை நாங்க 11 பேர் ஒரு ஃப்ரெண்டு வீட்டுல காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தோம், முதல் 2 மணி நேரம் இடுப்பு வலி, நாற்காலி, ராயல்டி இன்னும் வரல, இதான் பேச்சு.

அப்புறம்தான் கச்சேரி களை கட்டுச்சு. ஒருத்தங்க பேப்பர் கட்டைப் பிரிச்சு 3ஆவது அத்தியாயத்துல ஹீரோக்கு இடது கன்னத்துல இருந்த மச்சம் 14ஆவதுல வலது பக்கம் போயிருச்சுன்னு காட்டினாங்க, பென்சில்ல வட்டம் வேற போட்டு வச்சிருக்காங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு. முடிவு சுபமாத்தான் இருக்கணுமான்னு பெரிய சண்டை. இருக்கணும்னுதான் நான் சொல்வேன், துப்பறியும் கதைல கொலைகாரன் யாருன்னு கடைசில சொல்லாம விட்டா சும்மா இருப்பீங்களா?

காதல் நாவலுக்குப் பேர் போன பிரிட்டிஷ் பதிப்பகம், 1908ல ஆரம்பிச்ச மில்ஸ் அண்ட் பூன், முதல்ல எல்லா வகை புத்தகமும் போட்டுட்டு இருந்த கம்பெனிதான், 1930கள்லதான் காதல் கதை பக்கம் முழுசா திரும்புச்சு. பிரிட்டன்ல காதல் கதை எழுதுறவங்க 1960லயே சங்கம் வச்சுட்டாங்க, எங்களை யாரும் மதிக்கலங்கிற கோவம் அங்கயும் இருந்திருக்கு. நம்ம பத்திரிகைகள்ல மட்டும் இன்னும் "பொழுதுபோக்கு"ன்னு ஒரு மூலை. விமர்சனப் பக்கத்துல மாசம் ஒண்ணாவது எடுத்துக்குங்க சார், திட்டியே எழுதுங்க, பரவால்ல.

இப்படிக்கு,
மச்சம் மாத்தி வச்ச அந்த எழுத்தாளர்