பெயர் கேட்காமல் விட்டவர்களுக்கு

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. குடாநாட்டை வெளியோடு இணைத்த ஆனையிறவுத் தரைப்பாதை மூடப்பட்டது. பெற்றோல், பற்றறி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் தடை வந்தது. ஐந்து வருடங்களுக்கு மேல் அந்த முற்றுகைக்குள் நான் படித்ததும் உயிரோடு இருந்ததும் உங்களால்தான்.

எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்திய ஐயா, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வுக்குள்ளால் திரி கோத்து எனக்கொரு சிக்கன விளக்கு செய்து தந்தீர்கள். “சரிஞ்சாலும் எண்ணெய் ஊத்தாது, பயப்பிடாமல் படி பிள்ளை” என்றீர்கள். சுடர் பயறளவுதான். கொப்பியை ஒட்டிப் பிடித்தால் மூன்று வரி தெரியும். மூன்று மூன்று வரியாகத்தான் உயர்தரம் படித்து முடித்தேன். இரவில் உங்கள் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வானொலி கேட்போம். பெடல் சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும். உடனே அடுத்தவர் பிடித்துக்கொள்வார்.

கிளாலிப் படகோட்டி அண்ணை, தரைப்பாதை மூடியபிறகு கிளாலிக் கடல்நீரேரிதான் எங்களுக்கு வழி. 1993 ஜனவரி 2 இரவு அந்தக் கடல்நீரேரியில் படகில் போன சனங்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் ஓட்டினீர்கள். அடுத்த மாதம் வருத்தக்காரியான என் அம்மாவை ஏற்றினீர்கள். முன்னால் ஒரு இயந்திரப் படகு. பின்னால் கயிற்றில் கோத்த படகுகள். வெளிச்சமும் இல்லை, பேச்சும் இல்லை. நனைந்துகொண்டிருந்த அம்மாவுக்கு உங்கள் படங்கைப் போர்த்திவிட்டு, வெறும் மேலோடு விடியும்வரை தண்ணீர் இறைத்தீர்கள். அம்மா பிழைத்தா. இன்னும் இருக்கிறா.

அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் காயங்களுக்குத் தையல் போட்ட வைத்தியசாலை ஊழியர்களுக்கும், மருந்து கொண்டுவந்த செஞ்சிலுவைக் கப்பலில் வேலை செய்தவர்களுக்கும் என் வணக்கம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் ஊரே வெளியேறியது. சாவகச்சேரியில் எங்களுக்கு விறாந்தையைத் திறந்துவிட்ட அம்மா, உங்கள் கிணறு இரவு பகல் ஓயவில்லை. முன்பின் தெரியாத எத்தனை குடும்பங்கள் அள்ளினோம்! கயிறு தேய்ந்து அறுந்தபோது, ஒரு சொல் சொல்லாமல், உடுப்புக் கொடியை அவிழ்த்து வந்து வாளியில் கட்டினீர்கள். வன்னிக்கு வெளிக்கிட்ட அவசரத்தில் உங்களிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை. இப்போது சொல்கிறேன். நன்றி, அம்மா.