24 வோல்ட் டிசி சோர்ஸ் ஃபியூயல் செல் ஆகாது

மின்னியல் துறைத் தலைவர்களுக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ஹைட்ரஜனையும் காற்றையும் கொண்டு மின்சாரம் தரும் ஃபியூயல் செல்லின் மின்னழுத்தத்தை உயர்த்தும் கன்வெர்ட்டர்தான் இப்போது பல கல்லூரிகளில் பிடித்தமான ப்ராஜெக்ட். எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) நான் போகும் இடங்களில் நான் பார்ப்பது இதுதான்: சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் 24 வோல்ட் டிசி சோர்ஸ் ஒன்று, அதன் மேல் 'ஃபியூயல் செல்' என்று பெயர். வெளியே 400 வோல்ட் நேர்கோடாக வருகிறது. மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது.

உண்மையான ஸ்டேக், அதாவது தொடரில் அடுக்கிய செல்கள், அப்படி அசையாமல் நிற்காது. ஒரு செல்லுக்குக் கோட்பாட்டுப்படி 1.23 வோல்ட். லோடு இல்லாதபோதே 1 வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டும். முழு லோடில் 0.6 பக்கம் இறங்கிவிடும். 40 செல் ஸ்டேக் என்றால் 38-லிருந்து 25 வோல்ட் வரை சரியும். 25-ஐ 400 ஆக்க, சாதாரண பூஸ்ட் சர்க்யூட்டில் டியூட்டி, அதாவது சுவிட்ச் ஆன் ஆகி இருக்கும் நேரத்தின் பங்கு, 94 சதவீதத்தைத் தொட வேண்டும். 1 கிலோவாட்டுக்கு உள்ளே ஓடுவது 40 ஆம்பியர்; இண்டக்டர் கம்பியின் மின்தடை 50 மில்லி ஓம் இருந்தால் அதிலேயே 80 வாட் சூடாகிப் போகும். சரி, நல்ல மாணவர்கள் இதைக் கவனித்து டிரான்ஸ்ஃபார்மரோ கப்பிள்டு இண்டக்டரோ போட்டுவிடுகிறார்கள்.

கவனிக்காமல் விடுவது உள்ளே வரும் மின்னோட்டத்தின் ரிப்பிளை, அதாவது ஏற்ற இறக்கத்தை. பின்னால் டிசியை ஏசியாக்கும் 50 ஹெர்ட்ஸ் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸில் மின்னோட்டத்தை இழுத்து இழுத்து விடும். நடுவில் தடுக்காவிட்டால் அந்த இழுப்பு ஸ்டேக் வரைக்கும் போகும். உச்சத்தில் இழுக்கும் அளவுக்கு ஹைட்ரஜனோ காற்றோ வந்து சேராவிட்டால் செல் பட்டினி கிடக்கும். அதுவே தொடர்ந்தால் ஆயுள் குறையும். லோடு திடீரென ஏறும்போதும் இதே கதைதான். காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் வேகம் எடுக்கும்வரை பேட்டரியோ சூப்பர் கபாசிட்டரோ தாங்க வேண்டும். டிசி சோர்ஸுக்குப் பசி கிடையாது என்பதால் சிமுலேஷனில் இது எதுவும் தெரிவதில்லை.

2014-இல் வந்த டொயோட்டா மிராய் என்ற ஃபியூயல் செல் காரில் 370 செல்கள். செல்லுக்கு 0.6 என்று வைத்தால் சுமார் 220 வோல்ட். அதை 650-க்கு ஏற்றுகிறார்கள். மூன்று மடங்குதான், அதற்கே நான்கு ஃபேஸ் பூஸ்ட், அதாவது இணையாக நான்கு பூஸ்ட் சர்க்யூட்டுகள். ஒவ்வொரு ஃபேஸும் முறைவைத்து சுவிட்ச் ஆவதால் ரிப்பிள்கள் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் பிள்ளைகளோ 16 மடங்கை ஒரே சுவிட்சில் முடித்துவிடுகிறார்கள்!

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. சிமுலிங்கிலேயே ஃபியூயல் செல்லுக்கான பிளாக் இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். ஹார்டுவேர் செய்பவர்களுக்கு ஹைட்ரஜன் சிலிண்டர் வேண்டாம். டிசி சப்ளையோடு தொடரில் ஒரு ரெசிஸ்டர் வைத்தால் மின்னழுத்தச் சரிவையாவது காட்டலாம். அப்புறம், வெளியே வரும் வோல்ட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை உள்ளே போகும் மின்னோட்டத்தின் அலைவடிவத்துக்கு ஒதுக்குங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும், ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இருக்கும் ஃபியூயல் செல் மையத்திலும் ஸ்டேக் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வரும் செமஸ்டர் ப்ராஜெக்ட் தலைப்புகளை முடிவு செய்யும் முன் அவர்களில் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவையுங்கள்.

இப்படிக்கு,
பவர் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்க்கும் ஒருவன்