கோல்டிக்கு மொட்டை போட வேண்டாம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை அமைந்ததும், வீடு வெறிச்சென்று ஆனதும், போன ஆவணியில் நாய் கோல்டி வந்த பிறகு உனக்கும் அண்ணனுக்கும் பேசிக்கொள்ள எதாவது இருந்துகொண்டே இருப்பதும், எல்லாவற்றையும் ரெண்டு தடவை படித்தேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் எங்கள் நாய் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய் வருவதை மட்டும் விடமாட்டார். கோவில்பட்டியில் சித்திரை பிறந்ததுமே வெயில் சுட ஆரம்பித்துவிட்டது. கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கத்திரி தொடங்குவதற்குள் கோல்டிக்கு முடியை ஒட்ட மழித்துவிடலாம், குளுகுளுவென்று இருக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி. தயவுசெய்து செய்துவிடாதே. கோல்டன் ரெட்ரீவர் ஸ்காட்லாந்தில் உருவான இனம், 1868இல் பிறந்த குட்டிகளிலிருந்து அதன் வம்சத்தைச் சொல்வார்கள், சுட்டு வீழ்த்திய பறவையைக் குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருவதற்காகவே வளர்த்தது. அதனால் அதற்கு முடி இரண்டு அடுக்காக இருக்கும். மேலே நீளமான முடி, அடியில் குட்டையாக, மென்மையாக, நெருக்கமாக இன்னொன்று. மேல்முடி இருக்கும்வரை வெயில் நேராகத் தோலில் படாது. அதை வழித்துவிட்டால் தோல் வெந்து புண்ணாகும், அதோடு சில நாய்களுக்கு முடி திரும்பச் சரியாக வளராமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். கோல்டிக்குப் புழுக்கம் தருவது அந்த மேல்முடி இல்லை, உதிர்ந்தும் வெளியே வராமல் அடியிலேயே அடைந்து கிடக்கும் செத்த முடிதான். அதை எடுத்துவிட்டால் காற்று தோல்வரை போகும்.

எடுப்பது எப்படி என்றால், மேலோட்டமாக முதுகில் நாலு இழுப்பு இழுப்பது போதாது. இடது கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடி, தோல் ஒரு கோடாகத் தெரியும், அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கி சீவு. பிறகு அடுத்த கோடு. ஸ்லிக்கர் பிரஷ் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், மெல்லிய கம்பிகள் வளைந்து இருக்கும், அழுத்தாமல் சீவ வேண்டும், இல்லாவிட்டால் தோலைக் கீறிவிடும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், பின்தொடையின் நீள முடியில், வாலடியில், இந்த நாலு இடத்திலும்தான் சிக்கு விழும். சிக்கை எடுக்காமல் தண்ணீர் ஊற்றிவிடாதே, நனைந்தால் இன்னும் இறுகிவிடும். கத்தரிக்கோல் வைக்க வேண்டிய இடம் ஒன்றுதான், பாதத்துக்கு அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடி. அது நீண்டால் உன் வீட்டு டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி நடக்கும், இடுப்புக்கு நல்லதில்லை.

மணிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. அவள் கன்னி வகை நாய், இந்தக் கரிசல் மண்ணிலேயே முயல் விரட்டிப் பழகிய இனம், ஒட்டின முடி, ஒல்லி உடம்பு. ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே பளபளவென்று இருப்பாள். ஆனாலும் அவளே மத்தியானம் பதினொன்றுக்கு மேல் வெளியே தலைகாட்ட மாட்டாள், தொட்டியடி ஈரத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்வாள். உனக்கு சென்னையில் இதைவிடக் கவனம் வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது நாக்கிலும் வாயிலும் இருக்கிற ஈரம் ஆவியாகப் போவதால்தான் அதன் சூடு தணியும். எங்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று, ஈரம் சட்டென்று ஆவியாகிவிடும். உங்கள் ஊரில் கடற்காற்றே ஈரமாக இருக்கிறது, எவ்வளவு இரைத்தாலும் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. அதனால் வெயில் இங்கேதான் அதிகம், அங்கே பரவாயில்லை என்று நினைத்துவிடாதே.

நடக்கக் கூட்டிப்போவதை விடியற்காலைக்கு மாற்றிக்கொள். சாயங்காலம் வெயில் இறங்கினாலும் தார் ரோடு இறங்காது. புறங்கையை ரோட்டில் வைத்துப் பார், ஐந்து ஏழு விநாடி உன்னால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. உங்கள் மாடிவீட்டில் ஒரு பக் நாய் இருப்பதாகச் சொன்னாயே, அவர்களிடமும் சொல்லு, மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகல், இரைத்துச் சூட்டைத் தள்ளவே முடியாமல் சீக்கிரம் விழுந்துவிடும்.

நாயின் சாதாரணச் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், நம் கைக்குக் கொஞ்சம் சூடாகத் தெரிவதால் பயப்பட வேண்டாம். ஆனால் வெயிலில் இருந்து வந்து, இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு செக்கச்செவேல் என்று ஆகி, தள்ளாடினால் அது வெயில் தாக்கியது. தெர்மாமீட்டர் 104ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் யோசிக்காதே. முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு, ஃபேனைப் போடு. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவார்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டாதே, தானாகக் குடித்தால் குடிக்கட்டும். கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போய்விட வேண்டும், சிறுநீரகமும் ஈரலும் கெடுவது வெளியே தெரிய நேரம் ஆகும்.

இப்போது உண்ணி. இதைப் பற்றி நீ எழுதவே இல்லை, எனக்கு அதுதான் கவலை. சென்னையில் வருஷம் முழுக்க உண்டு, வெயில் நேரத்தில் பெருகும். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மணி திண்ணையில் வந்து என் மடியில் தலையை வைப்பாள். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு விரல்நுனியால் முடிக்கு எதிராகத் தடவிக்கொண்டு போவேன். முதலில் காதின் உள்மடிப்பு, பிறகு பெல்ட்டுக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, கடைசியாக ஒவ்வொரு விரலிடுக்கும். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஆமணக்கு விதை போல இருக்கும், கைக்குத் தப்பாது. குடிக்காத சின்னது எள்ளளவுதான், அதற்குத்தான் மெதுவாகப் போக வேண்டும், கோல்டியின் முடியில் இன்னும் மெதுவாக. பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. விரலால் நசுக்காதே, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடு. மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் இன்னும் நடக்கிறது, நாய் தன்னையே நக்கும், உள்ளே போனால் விஷம்.

அப்புறம், நாய்மேல் இருப்பது மட்டும் உண்ணி இல்லை. பெண் உண்ணி வயிறு நிறைந்ததும் இறங்கிப்போய்ச் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் ஜன்னல் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் கோல்டி படுக்கும் விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடு, விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லு. மூன்று மாதம் தாங்கும் மாத்திரை, மாதம் ஒருமுறை கொடுப்பது, பிடரியில் சொட்டுவது என்று பல மருந்து இருக்கிறது, எடைக்குத் தகுந்த அளவு, வலிப்பு வந்த நாயாக இருந்தால் வேறு மருந்து, அதனால் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் லேசான சமாச்சாரம் இல்லை. சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பும், சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிடும். சீக்கிரம் ரத்தப் பரிசோதனை செய்து மருந்து தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பொதுவாக நாலு வாரம் மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள், நடுவில் தேறிவிட்டது என்று நிறுத்தக் கூடாது.

இந்தத் தடவலைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது மீனா. தினமும் கை படுகிற நாய்க்கு என்ன வந்தாலும் முதல் நாளே தெரிந்துவிடும். கட்டியோ, சூடோ, காது நாற்றமோ, உடைந்த நகமோ எதுவும் மறைய முடியாது. அதோடு நாயும் அடங்கி அமைதியாகும். காதைத் தொட்டால் சீறுகிறது, பாதத்தைப் பிடித்தால் இழுத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாய். நகம் வெட்டும் நாளில் மட்டும் பாதத்தைப் பிடித்தால் அது பயப்படத்தானே செய்யும்? ஒன்றும் செய்யாமல் ஒரு விநாடி பிடி, ஒரு துண்டு கேரட் கொடு, விடு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் நேரம். அவசரப்படாதே. டாக்டர் மேசையில் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டிய நாய்க்கும், தானாக நிற்கும் நாய்க்கும் வித்தியாசம் வீட்டில்தான் உண்டாகிறது.

குளியல் வாரம் ஒன்று என்பது ரொம்ப அதிகம். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போதும், நம் சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம், நாயின் தோல் வேறு மாதிரி, வறண்டு அரிக்கும். குளிப்பாட்டுவதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. அடிமுடி ஈரமாகவே இருந்தால் ரெண்டு நாளில் சிவந்து நீர்கோத்த புண் வரும்.

ஐப்பசி மழை பிடித்ததும் இதே ஈரம்தான் எதிரி. வெளியே போய்வந்ததும் பாதத்தைக் கழுவி விரலிடுக்கு வரை துடை. கோல்டிக்குத் தொங்கும் காது, உள்ளே காற்று போகாது, தலையை உதறிக்கொண்டே இருந்தால், காதில் புளித்த வாடை அடித்தால் பூஞ்சை பிடித்திருக்கலாம். பட்ஸ் விட்டுக் குடையாதே, அழுக்கை உள்ளே தள்ளிவிடும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடவே கூடாது, எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதிலிருந்து நமக்கும் வரும். வருஷா வருஷம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் சேர்த்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள். சின்னக் காயம்கூட மழையில் திறந்து கிடந்தால் ஈ உட்கார்ந்து புழு வைத்துவிடும். மார்கழிக் குளிரைப் பற்றி நீ கவலைப்படாதே, கோல்டிக்குக் கொண்டாட்டம். மணிக்குத்தான் நான் சாக்கு விரிக்க வேண்டும்.

தீபாவளி. போன தடவை கோல்டி பாத்ரூமில் வாளிக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு கிடந்ததையும் மறுநாள்வரை சாப்பிடாததையும் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. நமக்குக் கேட்காத சத்தமும் அதற்குக் கேட்கும், நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை போகும். அரசு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்தாலும் தெருவில் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் நீ ஆடியிலேயே தொடங்கு. வெடிச்சத்தத்தைப் போனில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து, அந்த நேரத்தில் அதற்குப் பிடித்ததைக் கொடு. காதை நிமிர்த்தாமல் சாப்பிட்டால் சில நாள் கழித்து ஒரு படி கூட்டு. பயந்தால் குறைத்துவிடு. அந்த நாளில் ஜன்னல் சாத்தி, திரை போட்டு, ஃபேனும் டிவியும் ஓடும் உள்ளறையில் வை. அதுவாகப் பாத்ரூமைத் தேர்ந்தெடுத்தால் இழுத்து வெளியே கொண்டுவராதே, அங்கேயே விரிப்பைப் போடு. அணைத்துத் தடவினால் பயம் பழகிவிடும் என்று அண்ணன் சொல்கிறாராமே, அப்படி ஆகாது, பயம் கொஞ்சலால் வளராது. தைரியமாகப் பக்கத்தில் உட்கார். பெல்ட்டில் உன் போன் நம்பர் எழுதிய வில்லையை இப்போதே மாட்டிவிடு, வெடிக்குப் பயந்து ஓடிய நாய்கள்தான் அந்த வாரம் அதிகம் தொலையும்.

அப்படியும் தாங்காவிட்டால் மருந்து கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் நம் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. சில இடத்தில் அசிப்ரோமசின் மட்டும் கொடுத்து அனுப்புவார்கள், அது உடம்பைத்தான் கட்டிப்போடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் கிடக்கும். பயத்தைக் குறைக்கும் மருந்து கேள், தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்பே ஒருநாள் கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள். பலகாரத் தட்டைக் கைக்கு எட்டாமல் வை. சாக்லேட், பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் உலர்திராட்சை, வெங்காயம், எதுவும் அதன் வாயில் படக் கூடாது. திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும்.

கோல்டியின் ஊசி அட்டையை எடுத்துப் பார்த்து வெறிநாய் ஊசி அடுத்து எப்போது என்று எனக்கு எழுது. காதை முகர்ந்து பார்த்தாயா என்றும் எழுது. வைகாசி இருபதுக்கு மேல் சித்தி மகள் கல்யாணத்துக்குத் தாம்பரம் வருகிறேன், ஒருநாள் கூடுதலாகத் தங்குவேன், நகம் வெட்டுவதை அப்போது சேர்ந்து பார்க்கலாம். கடலைமிட்டாய் கொண்டுவருகிறேன், அது உனக்கும் அண்ணனுக்கும் மட்டும். அண்ணனை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
வள்ளி