பாலையாவின் முகமும் ஒரு குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறன்று சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் எல்லாருமாக உட்கார்ந்து ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தோம். 1964ல் ஸ்ரீதர் எடுத்த படம். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குப் பழைய படம் என்றாலே அலுப்பு. ஆனால் அன்றைக்குக் கைப்பேசியைத் தொடவே இல்லை.

காரணம், அப்பாவாக வரும் பாலையாவுக்கு, மகனாக வரும் நாகேஷ் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சி. பேய் வேடத்தில் யாரும் வருவதில்லை. நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிக் கதையை நகர்த்துகிறார். பாலையாவின் கண்கள் விரிகின்றன, உடம்பு ஒடுங்குகிறது. முகத்தைச் சுளிக்காமல், யாரையும் இழிவுபடுத்தாமல் வரும் சிரிப்பு அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் திகட்டவில்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாடல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குறையும் உண்டு. பிற்பாதியில் முத்துராமன் வயதானவராக வேடம் போட்டு வரும் ஆள்மாறாட்டம் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. பணக்கார மருமகன்தான் வேண்டும் என்ற அப்பாவின் ஆசையைப் படம் கேலி செய்கிறதே தவிர, எதிர்த்துக் கேட்பதில்லை. அப்புறம் என் மகள் கேட்டாள்: “பாலையாவோட பொண்ணுங்களா வர்ற அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் சிரிக்க வைக்கிற வசனம் பெருசா ஒன்னும் இல்லையேம்மா?”

சரியான கேள்வி. இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் ஒளிவழிக்கு நாடகம் எழுதும் நம் எழுத்தாளர்கள், காப்பிக்கடையிலும் எம்ஆர்டி ரயிலிலும் நடக்கும் ஒரு காதல் நகைச்சுவையில், நல்ல வசனங்களைப் பெண்களுக்கும் கொடுத்து எழுத வேண்டுகிறேன்.

ஒரு வாசகி,
ஈசூன்