பெட்டி வரும் முன்பே ஓர் அலுவலர் வரட்டும்

மதிப்பிற்குரிய அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். சவுதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர்களின் வீட்டாருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப்படும் அம்மனுக்களில் "உடலை மீட்டுத் தாருங்கள்" என்பதற்கு மேல் எழுத அவர்களிடம் செய்தி எதுவும் இருப்பதில்லை. எந்தத் தாள் யாரிடம் தங்கி நிற்கிறது என்பதை அதுவரை யாருமே அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியபோது, இந்திய விமானப்படை விமானம் 45 உடல்களுடன் ஜூன் 14 அன்று கொச்சியில் இறங்கியது. அவர்களில் தமிழ்நாட்டவர் 7 பேர். அரசுகள் முனைந்தால் இரண்டே நாளில் இது முடியும் என்பதை அன்று நாடே கண்டது. ஒருவர் தனியாக, தம்மாமிலோ ரியாத்திலோ ஓர் அறையில் உறக்கத்திலேயே இறந்துபோனால் மட்டும் அதே வேலைக்கு வாரக்கணக்கிலும், சில வேளை மாதக்கணக்கிலும் ஏன் காத்திருக்க வேண்டும்? அவருக்கு விமானப்படை விமானம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை; அன்று எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் நகர்ந்தனவே, அதைத்தான் கேட்கிறேன்.

சவுதியில் ஒரு மரணம் நேர்ந்தால் மருத்துவ அறிக்கை, காவல்துறை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, கடவுச்சீட்டு ரத்து, உடலைப் பதப்படுத்திய சான்று என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கிடைத்த பிறகே உடல் வைத்த பெட்டி விமானத்தில் ஏறும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு, விசா கொடுத்து வரவழைத்த முதலாளியான கஃபீலோ நிறுவனத்தின் ஆளோ அலைய வேண்டும். இறந்தவர் பழைய கஃபீலை விட்டு வெளியேறி வேறிடத்தில் வேலை பார்த்தவர் என்றால், இக்காமா எனும் குடியிருப்பு அனுமதி காலாவதியானவர் என்றால், அலைய ஆளே இல்லாமல் உடல் பிணவறையிலேயே கிடக்கிறது. ஊரிலிருந்து போக வேண்டியது ஒன்றுதான்: தங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்கு உரிமை தந்து வாரிசுகள் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம். அதன் வாசகத்தில் பெயரின் ஓர் எழுத்து கடவுச்சீட்டோடு ஒத்துப்போகாவிட்டாலும் திரும்பி வந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இன்னொரு கையெழுத்தைப் பற்றியது. இறந்த தொழிலாளியின் உடலை, அவரை வேலைக்கு எடுத்த இடத்துக்கோ ஒப்பந்தம் செய்த இடத்துக்கோ அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு சொல்கிறது. குடும்பத்தின் ஒப்புதலோடு அங்கேயே அடக்கம் செய்தால் அந்தக் கடமை இல்லை. ஆகவே தொலைபேசியில் வரும் முதல் குரல் பல நேரங்களில் ஆறுதல் சொல்லிவிட்டு, "அனுப்புவதென்றால் நிறைய நாளாகும், செலவும் உங்களுடையது, இங்கேயே அடக்கம் செய்ய ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்" என்கிறது. மார்க்கப்படி விரைந்து அடக்கம் செய்வதே நல்லது என்று கருதி மனமார ஒப்புக்கொள்ளும் குடும்பங்களும் எங்கள் ஊரில் உண்டு. அது அவர்களின் முடிவு, அதில் குறை காண எதுவுமில்லை. முகத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று தவிக்கும் தாய் ஒருவர், சட்டம் தன் பக்கம் இருப்பது தெரியாமலேயே கைநாட்டு வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேறு சிலர் நகையை அடகு வைத்தும் ஊரில் வசூல் செய்தும் பணம் அனுப்புகிறார்கள். முதலாளி மறுத்தாலும், கண்டுபிடிக்கவே முடியாமல் போனாலும், வசதியற்ற குடும்பங்களுக்குத் தூதரகம் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து அச்செலவை ஏற்க வழி இருக்கிறது. 2009இல் தொடங்கப்பட்ட அந்த நிதியின் பெயரைக்கூட இவர்களில் பலர் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. இறப்புச் செய்தி உங்கள் துறைக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ எட்டிய மறுநாளே, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் செல்ல வேண்டும். எதில் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்று தமிழில் சொல்லி, தூதரகம் ஏற்கும் வாசகத்தில் அதிகாரப் பத்திரத்தை அங்கேயே தயாரிக்க வேண்டும். சம்பள பாக்கிக்கும் இழப்பீட்டுக்குமான பத்திரம் தனியே இருக்கட்டும். உடல் வந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நிறுவனங்கள் பேசுவதற்கு அது இடம் கொடுக்காது. பத்தாம் வகுப்புத் தேறாமல் குடியேற்ற அனுமதி பெற்றுச் சென்றவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இருந்திருக்கும். விபத்தில் இறந்திருந்தால் 10 லட்ச ரூபாய் கிடைக்கும் அந்தக் காப்பீட்டின் தாள் பெரும்பாலும் ஏஜென்ட்டிடமே இருப்பதால், அதைக் கேட்டு வாங்கித் தருவதும் அந்த அலுவலரின் வேலையாகட்டும். பெட்டி சென்னையில் இறங்கினால் எங்கள் ஊருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். வண்டி விமான நிலையத்தில் காத்திருக்கும் என்பதை முந்தைய நாளே வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதை எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் விரைவில் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுக்கும் ஒருவன்,
ராமநாதபுரம் மாவட்டம்.